ஹாலோவீனுக்கு அந்தப் பாட்டைப் போடாதீர்கள்

போன அக்டோபர் கடைசி வாரம். ஆசிரியர் அறையில் ஜெராக்ஸ் மெஷினுக்குக் காத்து நிற்கிறேன். எனக்கு முன்னால் ஓர் இளம் ஆசிரியர் முப்பது பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். தாளின் நான்கு ஓரத்திலும் பூசணிக்காய்ப் படம், நடுவில் ஒரு பாட்டு, பாட்டில் பன்னிரண்டு இடத்தில் கோடு. கோடிட்ட இடத்தை நிரப்புக. பாட்டு, கிரான்பெரிஸ் குழுவின் 'ஜாம்பி'. "ஐரிஷ் பாட்டு, ஹாலோவீன், ஜாம்பி, மூன்றும் ஒன்றாக மாட்டிக்கொண்டது" என்றார் சந்தோஷமாக. பிள்ளைகளை முகமூடியோடு வரச் சொல்லியிருந்தாராம்.

எனக்குத் தெரிந்து இது நான்காவது தடவை. மூன்று தடவை சிரித்து மழுப்பிவிட்டேன். இந்தத் தடவை முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அந்தப் பாட்டில் பேய் கிடையாது. 1993 மார்ச்சில் இங்கிலாந்தில் வாரிங்டன் என்ற ஊரின் கடைவீதியில் ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டுகள் வெடித்தன. 3 வயதுக் குழந்தை ஒன்றும் 12 வயதுப் பையன் ஒருவனும் செத்துப்போனார்கள். அதைக் கேட்டு மனம் பொறுக்காமல் அந்தக் குழுவின் பாடகி டொலோரஸ் ஓரியோர்டன் எழுதிய பாட்டு அது. 1994இல் வந்தது. பாட்டுக்குள்ளேயே 1916 என்று ஓர் ஆண்டு வருகிறது. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் ஈஸ்டர் கிளர்ச்சி நடந்த ஆண்டு. பன்னிரண்டு கோட்டில் ஒன்று அந்த ஆண்டின் மேல்தான் விழுந்திருந்தது. பிள்ளை காதால் கேட்டு 1916 என்று நிரப்பும், 'சரி' என்று டிக் போடுவோம், அடுத்த கோட்டுக்குப் போவோம்! 12 வயதுப் பையன்கள் பச்சைச் சாயம் பூசிய முகத்தோடு, செத்துப்போன 12 வயதுப் பையனைப் பற்றிய பாட்டுக்கு மேசையைத் தட்டுவார்கள். முந்தைய ஒரு தடவை அந்த வகுப்பில் உதவியாளராக இருந்த ஐம்பது வயது அம்மா, டப்ளின்காரர், பாதிப் பாட்டில் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பாட்டு முடிந்ததும் தாள்களைச் சேகரித்துக் கொடுத்தார்.

அந்தப் பாட்டை வகுப்பில் போடவே கூடாது என்று சொல்ல வரவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு, பின்னணி சொல்லிவிட்டு, இரண்டு வகுப்பு நேரம் ஒதுக்கிச் செய்தால் அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. முகமூடி வேண்டாம், அவ்வளவுதான்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் டப்ளினில், ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளி நாட்களில் பிரேசில், உக்ரைன், கேரளம் என்று பல திசைப் பிள்ளைகள். கோடையில் ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் சில வாரப் பயிற்சிக்குக் கூட்டமாக வந்து இறங்குவார்கள். 'பாட்டு வழியே ஆங்கிலம், கெல்டிக் பண்பாட்டோடு' என்பதுதான் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும். பாட்டு மொழிக்கு நல்லதா என்பதை நான் விளக்கப் போவதில்லை, அது எல்லோருக்கும் தெரியும். எனக்கு எரிச்சல் அந்தக் 'கெல்டிக்' என்ற சொல்லில்தான்.

கெல்டிக் என்றால் பழைய ஆங்கிலம் இல்லை. இதை நான் வருடத்துக்கு இருபது தடவையாவது சொல்கிறேன், பிள்ளைகளிடம் பத்து, ஆசிரியர்களிடம் பத்து. ஐரிஷ் என்பது ஆங்கிலத்தை இழுத்துப் பேசும் பேச்சு இல்லை. கிராமத்து ஆங்கிலம் இல்லை. எழுத்துப்பிழை மலிந்த ஆங்கிலம் இல்லவே இல்லை. அது தனி மொழி. ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மேன் தீவின் மாங்ஸ் ஒரு கிளை. வெல்ஷ், கார்னிஷ், பிரான்சின் பிரெட்டன் இன்னொரு கிளை. ஆறும் கெல்டிக். ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பம், ஜெர்மனுக்கும் டச்சுக்கும் பங்காளி. இந்த நாட்டின் 1937 அரசியல் சட்டத்தில் முதல் ஆட்சிமொழி ஐரிஷ்தான், ஆங்கிலம் இரண்டாவது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஆட்சிமொழி. அப்புறமும் ஓர் ஆசிரியர் என்னிடம், "ஐரிஷ் கொஞ்சம் கவனித்துக் கேட்டால் புரிந்துவிடும், இல்லையா?" என்கிறார். புரியாது. வினைச்சொல்லை வாக்கியத்தின் முன்னால் வைக்கும் மொழி அது, கவனித்துக் கேட்டால் இன்னும் புரியாது.

பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். வெளிநாட்டில் படித்துவிட்டுப் பெரிய வகுப்பில் வந்து சேருகிறவர்கள் ஐரிஷ் பாடத்திலிருந்து விலக்கு வாங்கிக்கொள்ளலாம், பெரும்பாலும் வாங்கிவிடுகிறார்கள். அதனால் போலீஸுக்கு 'கார்டா' என்பார்கள், பிரதமருக்கு 'டீஷக்' என்பார்கள், அது எந்த மொழி என்று ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார்கள். என் மாணவி ஒருத்தி இரண்டு மாதம் 'அன் லார்' என்று எழுதிய பஸ்ஸில் ஏறாமலே இருந்தாள். அது ஏதோ தூரத்து ஊர் என்று நினைத்திருக்கிறாள். நகரின் நடுப்பகுதி என்பதற்கு ஐரிஷ் அது. தினமும் நடந்தே போயிருக்கிறாள், பாவம்.

'கெல்டிக்' என்ற பெயரே மொழிகளுக்கு வந்து முந்நூறு ஆண்டுதான் ஆகிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் காப்பாளராக இருந்த எட்வர்ட் லூயிட் என்ற வேல்ஸ்காரர் 1707இல் வெளியிட்ட நூலில் இந்த மொழிகளின் உறவை எடுத்துக் காட்டினார். அந்தப் பெயர் அப்புறம்தான் நிலைத்தது. அதற்கு முன் ஐரிஷ்காரர் எவரும் தன்னைக் கெல்ட் என்று சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. ஆகவே சுவரில் முடிச்சுக் கோலம், பச்சைத் தொப்பிக் குள்ளன், புல்லாங்குழல் இசை எல்லாவற்றையும் ஒட்டிவிட்டு 'இரண்டாயிரம் ஆண்டுக் கெல்டிக் பண்பாடு' என்று எழுதாதீர்கள்.

பாட்டுகளிலும் இதே கூத்து. 'டேனி பாய்' அயர்லாந்தின் ஆன்மா என்று அறிமுகம் செய்கிறார்கள். வரிகளை எழுதியவர் ஃப்ரெடரிக் வெதர்லி, ஆங்கிலேய வழக்கறிஞர். மெட்டு மட்டும் வடக்கே லிமவாடியிலிருந்து ஜேன் ராஸ் என்ற பெண்மணி சேகரித்துக் கொடுத்து 1855இல் அச்சானது, வரிகள் 1913இல்தான் அதில் ஏறி உட்கார்ந்தன. 'ஃபீல்ட்ஸ் ஆஃப் ஆதன்ரை' பஞ்சகாலத்துப் பாட்டு என்கிறார்கள். 1845இல் தொடங்கிய அந்தப் பெரும்பஞ்சத்தைப் பற்றிய பாட்டுதான், ஆனால் பீட் செயின்ட் ஜான் அதை எழுதியது 1970களில். புத்தாண்டுக்கு எல்லோரும் கைகோத்துப் பாடும் 'ஆல்ட் லாங் சைன்' கேலிக்கே இல்லை. ராபர்ட் பர்ன்ஸ் எழுதிய ஸ்காட்ஸ் மொழி, ஆங்கிலத்துக்குக் கூடப்பிறந்த மொழி. இவை எதையும் பாடாதீர்கள் என்று சொல்லவில்லை. பத்து நிமிடம் தேடினால் கிடைக்கிற விவரத்தைத் தேடாமல் வகுப்பில் நின்று உளறாதீர்கள் என்கிறேன். எதிரில் இருப்பவை பதினைந்து வயதுப் பிள்ளைகள். கையில் போன் இருக்கிறது. நமக்கு முன்னால் தேடிவிடுவார்கள்.

சரி, திட்டுவதைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். பாட்டு உண்மையில் எங்கே கைகொடுக்கிறது என்று ஒன்று சொல்கிறேன்.

'மாலி மலோன்' எல்லோருக்கும் தெரியும். மீன் விற்ற பெண், தள்ளுவண்டி, ஜுரத்தில் சாவு. சஃபோக் தெருவில் சிலையாக நிற்கிறாள். பல்லவியில் 'காக்கிள்ஸ் அண்ட் மஸ்ஸல்ஸ்' என்று சிப்பி வகை இரண்டு வரும். ஸ்பானியப் பிள்ளை இதை முதலில் காக்கிள்ஸ், ஆண்ட், மஸ்ஸல்ஸ் என்று மூன்று கல்லை வரிசையாக வைப்பதுபோலச் சொல்லும். நாமும் அப்படித்தான் சொல்வோம். ஸ்பானிய மொழியிலும் தமிழிலும் அசைக்கு அசை ஏறக்குறைய ஒரே கனம். ஆங்கிலத்தில் அழுத்தம் விழும் அசைக்குத்தான் நேரம், மற்றவை இடுக்கில் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இதைக் கரும்பலகையில் ஒரு மாதம் விளக்கினாலும் நாக்குக்கு ஏறாது. மேசையில் தாளம் தட்டிக்கொண்டே பாடச் சொல்லுங்கள். முதல் தடவை 'ஆண்ட்' தாளத்துக்கு வெளியே தொங்கும். மூன்றாவது தடவையில் எவரும் சொல்லாமலே அது சுருங்கி 'காக்கிள்ஸன் மஸ்ஸல்ஸ்' ஆகிவிடும். தாளம் காத்திருக்காது, அதனால்தான். அந்த நொடியில் பாட்டை நிறுத்தி, அதே வரியைப் பேச்சாகச் சொல்லச் சொல்ல வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பாடும்போது வந்தது பேசும்போது வராவிட்டால் அந்த வகுப்பு கச்சேரியாகத்தான் முடிந்திருக்கிறது.

அடுத்த இடறல், இலக்கணம். பழைய கதைப்பாடல்களில் 'மை மதர்' என்பது 'மீ மதர்' என்று வரும். பேச்சில் இங்கே இன்றும் கேட்கலாம். ஒரு பையன் அதைத் தேர்வுத் தாளில் மூன்று இடத்தில் எழுதி வைத்தான், மதிப்பெண் போச்சு. தப்பு அவனுடையதா? 'வைல்ட் ரோவர்' பாட்டில் 'ஹேவ் பீன்' அழகாக வருகிறது, அதை நடத்த அருமையான பாட்டுதான். ஆனால் பல்லவியில் மறுப்புக்கு மேல் மறுப்பாக அடுக்கி வைத்திருக்கும். அதையும் சொல்லிவிட வேண்டும். கதை முழுக்கச் சாராயக்கடையில் நடக்கிறது, அதைப் பெற்றோர் சொல்லி நாம் தெரிந்துகொள்ளக் கூடாது.

இதே தப்பைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தால் தங்கம். இங்கே ஒருவர் 'ஐம் ஆஃப்டர் ஈட்டிங்' என்றால் சாப்பாட்டைத் தேடி அலைகிறார் என்று பொருள் இல்லை, இப்போதுதான் சாப்பிட்டு முடித்தார். ஐரிஷ் வாக்கிய அமைப்பு ஆங்கில உடுப்பில் வருகிறது. ஐரிஷில் ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச் சொல் கிடையாது. இருக்கிறதா என்று கேட்டால் 'தா', இருக்கிறது. 'நீல்', இல்லை. கேட்ட வினையையே திருப்பிச் சொல்வார்கள். வந்தியா? வந்தேன். நமக்கு இதில் ஆச்சரியமே இல்லை. என் வகுப்பில் மலையாளப் பிள்ளைகள்தான் இதை முதலில் பிடித்தார்கள்.

இனி, செய்ய வேண்டியவை. பாட்டை முதலில் தாளில் படியுங்கள், முழுதாக, கடைசிச் சரணம் வரை. யார் எழுதியது, எந்த ஆண்டு, எதற்காக, இந்த மூன்றும் தெரியாமல் பிரதி எடுக்கப் போகாதீர்கள். கோடு போடுகிறீர்களா, காதுக்குக் கேட்கும் சொல்லில் போடுங்கள். பின்னணி இசையில் அமுங்கிப்போகிற சொல்லை எடுத்துவிட்டுப் பிள்ளைக்குக் காது மந்தம் என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டு வேண்டாம், நான்கு போதும். போன் ஸ்பீக்கரில் போடவே போடாதீர்கள், தயவுசெய்து. ஐரிஷ் மொழிப் பாட்டு ஒன்றை ஒரு தடவையாவது கேட்கச் செய்யுங்கள், வாத்தியம் இல்லாமல் ஒற்றைக் குரலில் பாடும் 'ஷான் நோஸ்' கிடைத்தால் இன்னும் நல்லது. புரிய வேண்டியதில்லை. இது ஆங்கிலம் இல்லை என்று காதுக்குத் தெரிந்தால் போதும்.

இன்னொன்று, இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிள்ளைகளிடமும் கேளுங்கள். இரண்டு கோடைக்கு முன் கடைசி பெஞ்சில் ஒரு பையன், மூன்று நாள் வாயே திறக்கவில்லை. ஐரிஷ் பைப் இசை ஒன்றைப் போட்டதும் நிமிர்ந்தான். "எங்கள் தாத்தா வாசிப்பார்" என்றான். ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியாவிலிருந்து வந்தவன். அங்கே 'கைத்தா' என்று ஒரு பைப் உண்டு. அங்குள்ள ஒர்டிகெய்ரா என்ற ஊரில் 1978இல் தொடங்கிய கெல்டிக் இசை விழா இன்றும் நடக்கிறது. அயர்லாந்தின் பைப்பில் காற்றுப் பையை முழங்கைத் துருத்தியால் நிரப்புவார்கள், கைத்தாவில் வாயால் ஊதுவார்கள். இந்த வித்தியாசத்தை, உடைந்த ஆங்கிலத்தில், தன் பள்ளிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவன் பத்து நிமிடம் விளக்கினான். கக்கத்துக்கு ஆங்கிலம் தெரியவில்லை, தொட்டுக் காட்டினான், முழு வகுப்பும் 'ஆர்ம்பிட்' என்று கத்தியது. என்னிடம் அன்றைக்கு ஒரு ஒர்க்‌ஷீட் தயாராக இருந்தது. அதை வெளியே எடுக்கவே இல்லை.

அக்டோபர் மறுபடி வரும். ஹாலோவீனுக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டுமென்றால் 'சவ்வின்' இருக்கிறது, ஐரிஷ் நாட்காட்டியில் குளிர்காலம் தொடங்கும் நாள். எழுத்தைப் பார்த்து 'சம்ஹைன்' என்று படிக்காதீர்கள். பழைய அயர்லாந்தில் விளக்குக்குக் குடைந்தது பூசணியை இல்லை, டர்னிப் கிழங்கை. டொனிகால் மாவட்டத்தில் கிடைத்த ஒன்றின் வார்ப்பு மேயோ மாவட்டத்தில் உள்ள தேசிய அருங்காட்சியகக் கிளையில் இருக்கிறது, படத்தைக் காட்டினாலே வகுப்பு அலறும். கடையில் டர்னிப் மலிவுதான், வாங்கிக் குடையலாம். ஆனால் முந்தின நாளே மேல்பக்கத்தைச் சீவி வைத்துவிட்டு, கனமான ஸ்பூன் கொடுங்கள். பூசணி மாதிரி இருக்காது, கல் மாதிரி இருக்கும், இருபது நிமிடத்தில் மணிக்கட்டு விட்டுப்போகும். அந்த இருபது நிமிடத்தில் பிள்ளைகள் முனகுவதெல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.