புகையிலை நீலப்பூசணம்: இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள்

நாற்றில் மஞ்சள் புள்ளி கண்டதும் சத்துக் குறைபாடு என்று யூரியா இட்டு, அது பலிக்காதபோது நனையும் கந்தகத்தை இருமுறை தெளித்துவிட்டு, பாதி நாற்றங்கால் அழுகிய பிறகு ஒரு விவசாயி போன வாரம் என்னிடம் வந்தார். இந்தப் பருவத்தில் இப்படி வருபவர் அவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அவர் கொண்டுவந்த இலையின் மேற்புறத்தில் நாணய அளவு மஞ்சள் வட்டம் இருந்தது; திருப்பிப் பிடித்தால், அதற்கு நேர் அடியில் பஞ்சு ஒட்டியதுபோல நீலம் கலந்த சாம்பல் நிறப் படலம்.

சாம்பல் பூத்தால் கந்தகம் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கந்தகத்துக்குக் கட்டுப்படும் சாம்பல் நோய், பெரும்பாலும் இலையின் மேலே மாவு தூவியதுபோல வெள்ளையாகப் படரும். விரலால் தேய்த்தால் ஒட்டிக்கொண்டு வரும். நீலப்பூசணமோ இலைக்குள்ளேயே வளர்ந்து, நோயைப் பரப்பும் நுண்ணிய வித்துகளைத் தாங்கும் காம்புகளை மட்டும் அடிப்புறத் துளைகள் வழியே வெளியே நீட்டுகிறது. பழக்கத்தால் நாங்களும் பூசணம் என்றே அழைக்கும் பெரனோஸ்போரா என்ற இந்நோய்க்கிருமி உண்மையான பூசணமே அன்று. அதனால்தான் பூசணங்களை அடக்கும் கார்பன்டாசிம் இதனிடம் தோற்றுப்போகிறது. பெயரை நம்பி மருந்து வாங்காதீர்கள்.

குளிர்ந்த, ஈரமான இரவில் உருவாகும் வித்துகள், மேகமூட்டமான நாள்களில் காற்றோடு நெடுந்தொலைவு உயிருடன் செல்லும். 1959இல் ஐரோப்பிய நிலப்பகுதியில் தலைகாட்டிய இந்நோய் சில ஆண்டுகளிலேயே அக்கண்டத்தின் புகையிலை நாடுகள் பலவற்றிலும் பரவியது. 1979இல் வட அமெரிக்காவையும் கியூபாவையும் உலுக்கியது. தொற்றிய பிறகு புள்ளி தெரியவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும் என்பதால், நோய் கண்ட பாத்தியில் பச்சையாக நிற்கும் நாற்றையும் நம்பக் கூடாது.

நாற்றங்கால் வெயில் படும் இடத்தில் இருக்கட்டும். நாற்றுகளை நெருக்கமாக விடாதீர்கள். மாலையில் நீர் தெளிக்காதீர்கள், காலையில் தெளித்தால் இலை விரைவில் உலரும். ஈரமான வானிலை தொடங்கும்போதே, நோய் வரும் முன், மேன்கோசெப் என்ற தடுப்பு மருந்தை இலையின் அடிப்புறமும் நனையுமாறு தெளியுங்கள். மெட்டலாக்சில் மருந்தைத் தனியாகவும் திரும்பத் திரும்பவும் அடிக்காதீர்கள். அதைத் தாங்கும் நோய்க்கிருமி இனங்கள் ஏற்கெனவே தோன்றிவிட்டன. நடவு முடிந்ததும் மீதி நாற்றுகளை அன்றே உழுது அழித்துவிடுங்கள். கவனிப்பாரற்று நிற்கும் அந்தப் பாத்தியிலிருந்துதான் வயலுக்கு வித்துகள் பறக்கின்றன. நோய் கண்ட நாற்றங்காலில் எஞ்சியதை, வீணாகிறதே என்ற நல்லெண்ணத்தில் பக்கத்து வயல்காரருக்கு எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். நாற்றுக்குப் பதிலாக, உங்களிடம் நோய் வந்திருக்கிறது என்ற செய்தியை அன்றே அவரிடம் சொல்லுங்கள்.