டான்ட்ரோலீன்: தசைக்குள் கால்சியக் கசிவை நிறுத்தும் மருந்து

அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறது. வென்டிலேட்டரில் யாரும் கை வைக்கவில்லை. ஆனாலும் நோயாளி வெளிவிடும் மூச்சில் கரியமில வாயுவின் அளவு 38 மி.மீ. பாதரச அழுத்தத்திலிருந்து 50, 60 என்று ஏறுகிறது. நாடி வேகமெடுக்கிறது, தாடை இறுகுகிறது. மயக்க மருந்தால் தூண்டப்படும் மேலிக்னன்ட் ஹைபர்தெர்மியா என்ற உயிர்க்கொல்லித் தசைக் கோளாறு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். அதை நிறுத்தும் மருந்துதான் டான்ட்ரோலீன். உடல் சூடு பல நேரங்களில் இதற்குப் பிறகே ஏறும் என்பதால், காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்தால் நேரம் போய்விடும்.

தசை சுருங்குவதற்கான கட்டளை கால்சியம்தான். ஓய்வில் இருக்கும் தசைச் செல்லுக்குள் அதன் செறிவு சுமார் 0.1 மைக்ரோமோலார். அதே செல்லுக்குள் சார்கோபிளாஸ்மிக் வலை என்ற சேமிப்பறையில் அது ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு அதிகம். இரண்டுக்கும் நடுவே நிற்கும் மதகுதான் ரயனோடின் ஏற்பி என்ற பெரிய புரதம். நரம்பின் மின்சமிக்ஞை செல் சவ்வில் வந்ததும், அங்குள்ள மின்னழுத்த உணரி அசைந்து இந்த மதகைத் திறக்கிறது. கால்சியம் பாய்ந்து, தசை இழைகளிலுள்ள ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்ட, தசை சுருங்குகிறது. சமிக்ஞை நின்றதும் மதகு மூடிக்கொள்ளும். சேமிப்பறையின் சவ்விலுள்ள பம்புகள், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றுக்கு இரண்டு கால்சியம் அயனிகள் என்ற கணக்கில், எல்லாவற்றையும் அறைக்குள் இறைத்துவிடும். தசை தளர்கிறது.

சிலருக்கு இந்த ஏற்பியின் மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருக்கும். அன்றாட வாழ்வில் பலருக்கு அது தெரியவே தெரியாது. ஹாலோதேன், ஐசோஃப்ளுரேன், செவோஃப்ளுரேன், டெஸ்ஃப்ளுரேன் போன்ற ஆவி மயக்க மருந்துகளோ, சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்த்தியோ உடலில் சேரும்போதுதான் மதகு மூடாமல் கசியத் தொடங்குகிறது. பம்புகள் ஓயாமல் இறைக்கின்றன, இழைகள் ஓயாமல் இழுக்கின்றன, இரண்டும் ஏ.டி.பி.யைத் தீர்க்கின்றன. அதை ஈடுகட்ட தசை எரிபொருளை எரித்துத் தள்ளுகிறது. விளைவு: கரியமில வாயு, லாக்டிக் அமிலம், வெப்பம். ஏ.டி.பி. தீர்ந்ததும் செல் சவ்வுகள் உடைந்து பொட்டாசியமும் மயோகுளோபின் என்ற தசைப் புரதமும் ரத்தத்தில் கலக்கின்றன. முன்னது இதயத்தை நிறுத்தும், பின்னது சிறுநீரகத்தை அடைக்கும்.

வழக்கமான தசைத் தளர்த்திகள் இங்கே உதவாததற்குக் காரணமும் இதுவே. வெக்யூரோனியம் போன்றவை நரம்பு தசையைச் சந்திக்கும் இடத்தில் சமிக்ஞையை மறிக்கின்றன. ஆனால் கோளாறு அதற்கு அப்பால், செல்லின் உள்ளே இருக்கிறது. சமிக்ஞையே வராவிட்டாலும் கசிவு தொடரும். தசை இறுக்கமும் போகாது.

1960-இல் மெல்போர்னில் டென்பரோ, லோவல் என்ற மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். கால் முறிந்து வந்த அந்த 21 வயது இளைஞர் காலைவிட மயக்க மருந்துக்கே பயந்தார், ஏனென்றால் அவருடைய உறவினர் பத்துப் பேர் மயக்க மருந்துக்குப் பின் இறந்திருந்தார்கள். டான்ட்ரோலீன் 1967-இல் உருவாக்கப்பட்டது, வேறு தேவைக்காக: தண்டுவடக் காயம், பக்கவாதம் போன்றவற்றுக்குப் பின் வரும் தசை விறைப்புக்கு. 1975-இல் தென்னாப்பிரிக்காவில் ஹாரிசன் என்ற மயக்கவியல் மருத்துவர், இதே கோளாறு இயற்கையாகவே உள்ள லாண்ட்ரேஸ் பன்றிகளுக்கு அதைச் செலுத்தி, தொடங்கிவிட்ட நெருக்கடியையும் நிறுத்த முடியும் என்று காட்டினார். 1979-இல் ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முன்பு பத்தில் ஏழெட்டுப் பேரைக் கொன்ற நோய் இது. மருந்து கைவசம் இருந்து, உடனே கொடுக்கப்படும் இடங்களில் இறப்பு இன்று மிகக் குறைவு.

டான்ட்ரோலீன் மதகை முற்றாக அடைத்துவிடுவதில்லை. ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, அது மூடிய நிலையிலேயே நிற்கும்படி சாய்க்கிறது. செல்லில் இயல்பாகவே தடையாக இருக்கும் மக்னீசியம் உடன் இருந்தால்தான் இந்த விளைவு கிடைக்கிறது. முழு அளவு கொடுத்தாலும் கைப்பிடி தளர்கிறதே தவிர, சுவாசத் தசைகள் பொதுவாகச் செயலிழப்பதில்லை. ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு மட்டும் சுவாசத்தைக் கவனிக்க வேண்டும். ஆரோக்கியமான இதயத்தில் உள்ளது வேறு வகை ஏற்பி, அதை இந்த மருந்து பெரிதாகத் தொடுவதில்லை.

நடைமுறையில் கழுத்தைப் பிடிப்பது கரைக்கும் வேலை. டான்ட்ரோலீன் நீரில் எளிதில் கரையாது. பழைய வகைக் குப்பி ஒன்றில் 20 மி.கி. மருந்தும், சிறுநீரைப் பெருக்கும் மேனிடால் 3 கிராமும், கரைசலைக் காரமாக்கச் சோடியம் ஹைட்ராக்சைடும் ஆரஞ்சு நிறப் பொடியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் 60 மி.லி. ஊசிக்கான தூய நீரை ஊற்றி, கலங்கல் தெளியும்வரை குலுக்க வேண்டும். சலைனிலோ டெக்ஸ்ட்ரோஸிலோ கரைக்கக் கூடாது, மருந்து படிந்துவிடும். உடல் வெப்பத்துக்குச் சூடேற்றிய நீரில் சீக்கிரம் கரையும்.

முதல் அளவு கிலோவுக்கு 2.5 மி.கி. எழுபது கிலோ நோயாளிக்கு 175 மி.கி., அதாவது 9 குப்பிகள், 540 மி.லி. நீர். நோய் அடங்காவிட்டால் மீண்டும் மீண்டும் கொடுத்து, தேவைப்பட்டால் கிலோவுக்கு 10 மி.கி.யையும் தாண்டலாம். 36 குப்பிகள் கையிருப்பில் இருக்க வேண்டும் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். ஒருவரே குலுக்கிக்கொண்டிருந்தால் ஆகாது. கரைப்பதற்கென்றே இரண்டு மூன்று பேரை ஒதுக்க வேண்டும். 2014-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய வகையில் 250 மி.கி. ஒரே குப்பியில் வருகிறது, 5 மி.லி. நீர் போதும்.

மேனிடால் கணக்கையும் மறக்கக் கூடாது. 9 குப்பிகளில் 27 கிராம் சேர்ந்தே போகிறது. சிறுநீர் பெருகி மயோகுளோபின் வெளியேற அது உதவும், ஆனால் தனியாக இன்னும் கொடுத்தால் உடல் வறண்டுவிடும். கரைசல் கடும் காரத்தன்மை உள்ளதால் பெரிய ரத்தக் குழாயிலேயே செலுத்த வேண்டும். வெளியே கசிந்தால் திசு கருகும்.

மருந்து கரைந்துகொண்டிருக்கும்போதே ஆவி மயக்க மருந்தை நிறுத்தி, நூறு சதவீத ஆக்சிஜனை நிமிடத்துக்கு 10 லிட்டருக்குக் குறையாமல் கொடுத்து, சுவாச எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். மயக்கம் கலையாமலிருக்க, ரத்தக் குழாய் வழி செலுத்தும் ப்ரோபோஃபால் பாதுகாப்பானது. உடல் சூடு 39 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் குளிர்விக்கலாம், 38 வந்ததும் நிறுத்திவிட வேண்டும். இதயத் துடிப்பைச் சீராக்க வெரபாமிலோ டில்டியாசெமோ கொடுப்பது ஆபத்து: டான்ட்ரோலீனுடன் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயம் ஓய்ந்துவிடக்கூடும்.

அடங்கியதும் கதை முடிவதில்லை. சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சில மணி நேரத்தில் நோய் திரும்புகிறது. அதனால் கிலோவுக்கு 1 மி.கி. வீதம் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, குறைந்தது 24 மணி நேரம், தீவிர சிகிச்சைப் பிரிவில் தொடர்வது வழக்கம்.

விறைப்புக்காக மாத்திரையாக மாதக்கணக்கில் சாப்பிடுபவர்களுக்குச் சிக்கல் வேறு. நாளுக்கு 25 மி.கி.யில் தொடங்கி மெதுவாகக் கூட்டினாலும் கல்லீரல் பாதிக்கப்படலாம் என்பதால் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

இந்த மரபணு மாற்றம் பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது சதவீத வாய்ப்பு உண்டு. முன்பு எந்தக் கோளாறும் இல்லாமல் மயக்க மருந்து வாங்கியவருக்கும் அடுத்த முறை வரலாம். வீட்டில் யாராவது அறுவை அரங்கில் காரணம் தெரியாமல் கடும் காய்ச்சலோடு இறந்திருந்தால், அடுத்த அறுவைக்கு முன்பே மயக்கவியல் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஆவி மருந்தும் சக்சினைல்கோலினும் இல்லாமல், ரத்தக் குழாய் வழி மருந்துகளாலும் தண்டுவட ஊசியாலும் அதே அறுவையைச் செய்ய முடியும்.