டேட்டாபேஸ்: தரவுத்தளமா, தகவல் தளமா?

கணினியில் விவரங்களை ஒழுங்காகப் போட்டு வைக்கும் டேட்டாபேஸுக்குத் தமிழில் தரவுத்தளம். தகவல் தளம் என்று எழுதுகிறவர்களும் உண்டு, ஆனால் அது சரியில்லை என்பது என் கட்சி. 'பாகூர்' என்ற ஊர்ப்பெயர், '607402' என்ற பின்கோடு, '34' என்ற மாநில எண் என்று தனித்தனியாகக் கிடப்பவை தரவு. அவற்றைச் சேர்த்துப் பார்த்து "இந்த மாதம் பாகூருக்கு எத்தனை பிரிட்ஜ் போயிருக்கிறது" என்று கேட்டால் வரும் பதில்தான் தகவல். உள்ளே போட்டு வைப்பது தரவு, வெளியே எடுப்பது தகவல். போட்டு வைக்கும் இடத்துக்கு எடுக்கும் பொருளின் பெயரை வைப்பானேன்?

டேட்டா லத்தீன் சொல். ஒருமை டேட்டம், பன்மை டேட்டா, பொருள் 'தரப்பட்டவை'. வேர்ச்சொல் தரே, அதாவது தருதல். ஒலி இப்படி ஒத்துப்போகிறதே என்று உடனே லத்தீனுக்கும் தமிழ்தான் தாய் என்று கிளம்பிவிட வேண்டாம், பொருள் ஒத்துப்போவதே நமக்குப் போதும். யூக்ளிட் எழுதிய ஒரு வடிவியல் நூலுக்கே லத்தீனில் டேட்டா என்றுதான் பெயர், பள்ளிக்கூடத்தில் தேற்றம் எழுதும்போது 'கொடுக்கப்பட்டது' என்று ஒரு வரி போடுவோமே, அந்தப் பொருளில். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி: சொல்தா வீடுகளில், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் வீடுகளில், பிரெஞ்சு தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால் டேட்டாபேஸுக்குப் பிரெஞ்சில் என்ன என்று கேட்டுப் பாருங்கள், 'பாஸ் த தொனே' என்பார். தொனே என்றாலும் கொடுக்கப்பட்டவைதான். நம் தரவும் 'தா' என்பதிலிருந்து வந்தது. புதிதாக உருட்டிய சொல்லும் இல்லை, கலிப்பாவின் முதல் உறுப்புக்குத் தரவு என்ற பெயர் எப்போதோ இருக்கிறது.

பேஸ் கிரேக்கத்து பாசிஸ், அடி அல்லது பீடம். இரண்டையும் சேர்த்து டேட்டா பேஸ் என்று சொல்லும் வழக்கம் 1960களில் அமெரிக்காவில் ராணுவக் கணினி வேலைகளைச் சுற்றி வளர்ந்தது. 1963இல் சாண்டா மோனிகாவில் சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் நடத்திய கருத்தரங்கின் தலைப்பிலேயே இந்தச் சொல் இருக்கிறது. தளம் என்பது பொருத்தமான தமிழ்தான், ஒரே தொல்லை, இப்போது இணையதளத்தையும் தளம் என்கிறோம். அதனால் 'தளத்தில் சேமிக்கவும்' என்று சுருக்காமல் தரவுத்தளம் என்று முழுசாக எழுதிவிடுவது நல்லது.

சரி, அடுத்த சொல் ஸ்கீமா. தரவுத்தள வடிவமைப்பு என்று சொன்னாலே இது வந்துவிடும். கிரேக்கத்தில் உருவம், வடிவம் என்று பொருள். ஸ்கீம் என்ற ஆங்கிலச் சொல்லும் இதிலிருந்து வந்ததால் சிலர் இதற்குத் 'திட்டம்' என்று எழுதிவிடுகிறார்கள், நம் ஊரில் திட்டம் என்றால் அரசு தரும் உதவித்தொகைதான் ஞாபகத்துக்கு வரும். நான் தரவுச் சட்டகம் என்று எழுதுவேன். என்னென்ன அட்டவணைகள், ஒவ்வொன்றிலும் என்னென்ன நெடுவரிசைகள், எது எதோடு எப்படி இணைகிறது என்பதன் வரையறை அது, உள்ளே இருக்கும் தரவு அல்ல.

ஒரு மென்பொருளைக் கட்டும் வேலையில் இந்தச் சட்டகம் எப்போது போடப்பட வேண்டும் என்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். வேலை கைக்கு வந்ததும் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைத் திறந்து அட்டவணை போட ஆரம்பித்துவிடுவார்கள். முறையாகப் பார்த்தால் அதற்கு முன்னால் இரண்டு படி இருக்கிறது. முதலில் கருத்துநிலை வடிவமைப்பு: எதையெல்லாம் பற்றித் தரவு வேண்டும், அவற்றுக்குள் என்ன உறவு என்று வரைவது. கணினி அறிஞர் பீட்டர் சென் 1976இல் கொடுத்த ஈஆர் வரைபடம், அதாவது பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் காட்டும் படம், இதற்குத்தான். அப்புறம் தருக்கநிலை: அந்தப் படத்தை அட்டவணைகளாக மாற்றுவது, இதற்கு அடிப்படை ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970இல் எழுதிய கட்டுரை. கடைசியில்தான் இயல்நிலை, எந்த மென்பொருள், எந்தத் தரவு வகை, தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ் எங்கே என்பதெல்லாம்.

முதல் இரண்டு படியைத் தாண்டிக் குதித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் பகுதியைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. புதுச்சேரியில் வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு கடைக்கு பில் போடும் மென்பொருள் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பொருளை வீட்டுக்கே கொண்டுபோய் இறக்குவார்கள். அரியாங்குப்பத்தில் இறக்கினால் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும், எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டி கடலூரில் இறக்கினால் அது வேறு மாநிலம், ஐஜிஎஸ்டி. ஜிஎஸ்டி கணக்கில் மாநில எண் புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. சென்னையில் உட்கார்ந்து சட்டகம் போடுகிற ஒருவர், பின்கோட்டின் முதல் மூன்று எண்ணைப் பார்த்தாலே மாநிலம் தெரிந்துவிடுமே, மாநிலத்துக்குத் தனி நெடுவரிசை எதற்கு என்று நினைப்பார். அவருக்கு அது நியாயம். இங்கே கடலூர் 607001, பாகூர் 607402, இரண்டும் 607, ஆனால் பாகூர் புதுச்சேரி. புதுச்சேரி நகரம் 605001, விழுப்புரம் 605602, இது தமிழ்நாடு. மாஹேயின் 673310ஐப் பார்த்தால் கேரளம் என்றே தோன்றும், அதுவும் புதுச்சேரியைச் சேர்ந்தது, 34தான். புதுச்சேரிப் பகுதி துண்டு துண்டாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது என்பது இங்கே பஸ்ஸில் போய்வருகிற எல்லோருக்கும் தெரியும், கணினிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

எதைச் சொன்னால் எது உறுதியாகிறது என்ற இந்தத் தொடர்பைச் சார்பு என்பார்கள். ஒரே விவரம் பல இடத்தில் திரும்ப வராதபடி அட்டவணைகளைப் பிரிக்கும் நார்மலைசேஷன், தமிழில் இயல்பாக்கம், முழுக்க இந்தச் சார்புகளின் மேல்தான் நிற்கிறது. அப்படிப் பிரிப்பதற்கான விதிகளில் இரண்டாம், மூன்றாம் இயல்பு வடிவங்களைக் காட் 1971இல் வரையறுத்தார், பாடத்தில் எல்லோரும் அதை மனப்பாடம் செய்கிறார்கள். ஆனால் சார்பு சரியா தப்பா என்பதை எந்தச் சூத்திரமும் சொல்லாது, திட்டமிடும் கட்டத்தில் டெலிவரி வண்டி ஓட்டுகிறவரிடமும் பில் போடுகிறவரிடமும் கேட்டால்தான் கிடைக்கும். என்னைக் கேட்டால் தரவுத்தள வடிவமைப்பில் பாதி வேலை இந்த விசாரணைதான். கேட்ட பிறகு செய்வது சின்ன விஷயம்: மாநிலங்களுக்கு ஒரு தனி அட்டவணை, முகவரியில் அதன் குறியீட்டுக்கு ஒரு நெடுவரிசை.

இன்னொன்று, உறவின் எண்ணிக்கை, அதாவது ஒன்றோடு எத்தனை இணையலாம் என்பது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஓலைச்சுவடிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, 2005இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் சேர்ந்தவை. ஒரு சுவடிக் கட்டுக்குள் பல நூல்கள் இருக்கும், ஒரே நூல் பல கட்டுகளிலும் இருக்கும். அப்படிப்பட்ட தொகுப்புக்குச் சட்டகம் போட்டால் கட்டுக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று என்று இரண்டு அட்டவணை போதாது, எந்தக் கட்டில் எந்த நூல் எத்தனையாவது ஓலையில் தொடங்குகிறது என்று சொல்ல மூன்றாவது ஒன்று வேண்டும். 'நூல் 1, நூல் 2, நூல் 3' என்று நெடுவரிசைகளை நீட்டிக்கொண்டு போகிறவர்களை இன்னும் பார்க்கலாம்.

இயல்நிலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்று மட்டும். தொலைபேசி எண்ணை எண் வகையில் வைக்காதீர்கள், எழுத்து வகையில் வையுங்கள். எண் வகையில் வைத்தால் புதுச்சேரியின் 0413 வெறும் 413 ஆகிவிடும், கடலூரின் 04142 4142 ஆகிவிடும். அதில் யாரும் கூட்டல் கழித்தல் போடப்போவதும் இல்லை.