கால் எரிகிறதென்று ஐஸ் பெட்டியில் விடாதீர்கள்

பாம்பன், மண்டபம் பக்கம் ஐஸுக்குப் பஞ்சமே இல்லை. மீனுக்கு உடைத்ததில் கொஞ்சம் வாளியில் அள்ளிக் காலை உள்ளே விட்டால் எரிச்சல் உடனே அடங்கும். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

கருவாடு காயப்போடும் ஓர் அம்மா. நடுப்பகலிலும், ராத்திரி போர்வைக்குள்ளும் இரண்டு பாதமும் சிவந்து, தொட்டால் சுடுமாம். "தீக்கங்குல நிக்கிற மாதிரி இருக்கு டாக்டரம்மா." சுடுமணல்தான் காரணம் என்றது வீடு. சத்து ஊசியும் போட்டாயிற்று. என் முன்னால் உட்கார்ந்தபோது பாதத்தில் சிவப்பே இல்லை. விரலிடுக்குகள் மட்டும் ஐஸ் தண்ணீரில் ஊறி வெளுத்து, ஓரிடத்தில் புண்ணாகியிருந்தன. மகள் போனில் எடுத்து வைத்திருந்த படம்தான் விஷயத்தைச் சொன்னது: கணுக்கால் வரை செக்கச்செவேல்.

இதற்கு எரித்ரோமெலால்ஜியா என்று பெயர். அபூர்வமான நோய். வெப்பம், நடை, வெகுநேரம் நிற்பது ஆகியவை கிளப்பிவிடும். குளிர்ச்சியும் காலை உயர்த்தி வைப்பதும் தணிக்கும். சர்க்கரை நோயிலும் கால் எரியும், ஆனால் இப்படிச் சிவந்து சுடுவது வழக்கமில்லை. கிருமித்தொற்று என்றால் பெரும்பாலும் ஒரு கால்தான், காய்ச்சலும் இருக்கலாம்.

இதை உறுதிசெய்யத் தனிப் பரிசோதனை கிடையாது. கதையைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் சாதாரண ரத்த அணுக்கள் பரிசோதனையை மட்டும் நான் விடவே மாட்டேன். அந்த அம்மாவுக்குத் தட்டணுக்கள் 8 லட்சத்தைத் தாண்டியிருந்தன, 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டியவை. தட்டணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையின் கோளாறு, காலில் வந்து கதவைத் தட்டியிருக்கிறது! குறைந்த அளவு ஆஸ்பிரினில் சில நாளிலேயே எரிச்சல் அடங்கியது. மேற்கொண்டு பார்க்க மதுரைக்கு, ரத்தநோய் மருத்துவரிடம் அனுப்பினேன்.

எல்லாருக்கும் ஆஸ்பிரின் கேட்காது. சிறுவயதிலேயே, குடும்பத்தில் பலருக்கு வந்தால் எஸ்சிஎன்9ஏ என்ற மரபணுவில் பிழை இருக்கிறதா என்று சந்தேகிக்க வேண்டும், இந்தத் தொடர்பை 2004இல் கண்டறிந்தார்கள். அந்தப் பிழையால், வலி நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசல் லேசான தூண்டலுக்கே திறந்துகொள்ளும். அவர்களில் சிலருக்கு மெக்ஸிலெட்டின், கார்பமாசெபின் என்ற மருந்துகள் உதவும். நிஃபெடிபின் போன்ற பிரஷர் மாத்திரைகளும் இதைக் கிளப்பலாம். அதனால் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் கொண்டுவாருங்கள்.

அதுவரை மின்விசிறிக் காற்று, தலையணை மேல் கால், அவ்வளவு போதும். ஐஸில் ஊறவைத்தால் தோல் அழுகிப் புண்ணாகும். எடுத்ததும் எரிச்சல் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். அப்புறம், மருந்துக்கடையில் நீங்களே ஆஸ்பிரின் வாங்கிப் போடாதீர்கள். குடல்புண்ணோ டெங்குவோ இருந்தால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும்.