மெலியச் சாணை பிடிக்கக் கொடுக்கும் முன்னால்

போன மாதம் சேரன்மகாதேவிப் பக்கமிருந்து ஒரு வாழை விவசாயி பட்டறைக்கு வந்தார். கையில் புத்தம் புது மடக்குக் கத்தி, மகன் ஊருக்கு வரும்போது வாங்கி வந்தது. “அண்ணாச்சி, கை முடியில வச்சா வழிச்சிருது. ஆனா மாங்காயக் கீறுனா கீற மாட்டேங்கு, பொளக்குது. மூணு தடவ தீட்டியாச்சு. என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார்.

கூரில் கோளாறு இல்லை. கனம் அளக்கும் வெர்னியரை எடுத்து, வாய்க்குச் சற்று மேலே, தீட்டிய பட்டை முடிகிற இடத்தில் வைத்துப் பார்த்தேன். 0.9 மில்லிமீட்டர். முதுகு 3 மில்லிமீட்டர். இப்படி ஓர் ஆப்பை வைத்து மாங்காயை அறுத்தால் அது பிளக்காமல் என்ன செய்யும்?

சாணை பிடிக்கத் தொடங்கி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. அப்பா சைக்கிளில் சாணைச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு திருநெல்வேலி டவுன் ரத வீதிகளைச் சுற்றியவர். அவரிடம் வந்ததெல்லாம் அருவாமணை, கத்தரிக்கோல், சவரக்கத்தி. என்னிடம் இப்போது வாரத்துக்கு நாலைந்து பேராவது பேனாக்கத்தியைக் கொண்டுவந்து, “இத மெலிசாக்கித் தாங்க” என்கிறார்கள். பாதிப் பேர் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள். கேட்பதில் தப்பில்லை, நானும் செய்து கொடுக்கிறேன். ஆனால் வேறெங்கோ கொடுத்துக் கெட்டுப்போன கத்திகளும் என்னிடம்தான் வருகின்றன. அதில் பாதிக்கு நான் செய்வதற்கு ஒன்றும் மிச்சம் இருப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தீட்டும்போது கத்தியின் வாயை மட்டும் தொடுகிறோம். மெலிக்கும்போது அலகின் இரண்டு கன்னத்தையும் முதுகிலிருந்து வாய்வரை தேய்த்து, வாய்க்குப் பின்னால் இருக்கும் கனத்தைக் குறைக்கிறோம். எங்கள் பட்டறையில் அதற்குப் ‘பின்கனம்’ என்று பெயர். ஒரு கத்தி எவ்வளவு சுலபமாகப் பொருளுக்குள் இறங்கும் என்பதைப் பெரும்பாலும் இந்தப் பின்கனம்தான் முடிவு செய்கிறது. கடையில் வரும் மடக்குக் கத்திகளில் 0.5 முதல் 0.9 வரை பார்த்திருக்கிறேன். கம்பெனிக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. வாங்குகிறவர் பெயின்ட் டப்பாவைத் திறப்பாரா, ஆப்பிள் சீவுவாரா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? உடையாமல் இருக்கட்டும் என்று கனமாகவே விட்டுவிடுகிறார்கள்.

உங்கள் கத்தி கனமா என்று பார்க்க வெர்னியர் வேண்டியதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் வாயோரம் பளபளவென்று ஒரு பட்டை தெரியும், தீட்டித் தீட்டி உண்டானது. பின்கனம் 0.8 இருக்கிற கத்தியைப் பக்கத்துக்கு 20 டிகிரியில் தீட்டினால் அந்தப் பட்டை 1.2 மில்லிமீட்டர் அகலம் வரும். பின்கனம் 0.3, சாய்வு 15 டிகிரி என்றால் பட்டை 0.6 தாண்டாது, நூல் மாதிரி இருக்கும். வருடக்கணக்காகத் தீட்டிய கத்தியில் பட்டை அகன்றுகொண்டே போவதைப் பார்த்திருப்பீர்கள். வாய் மேலே ஏற ஏற, அலகின் கனமான பகுதிக்குள் போகிறது. “முன்னாடி மாதிரி அறுக்கல” என்பதற்கு அதுதான் காரணம்.

மெலிந்த வாயின் அருமை நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. திசையன்விளை, உடன்குடிப் பக்கம் பனையேறிகள் பாளை சீவும் அருவாளைப் பாருங்கள். பாளையை நசுக்காமல் தாள் கனத்துக்குச் சீவ வேண்டும், நசுங்கினால் பதனீர் ஒழுங்காக இறங்காது. அதை அவர்கள் சக்கரத்தில் காட்டுவதே இல்லை. பலகையில் பொடி தூவித் தேய்த்தே தீட்டுவார்கள். பத்தமடைப் பக்கமிருந்து கோரை கிழிக்கிற ஒரு அம்மா வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். அவர் கத்தியை நான் 0.2 வரைக்கும் இறக்கிக் கொடுத்திருக்கிறேன். பயமே இல்லை, ஏனென்றால் அந்த வாயில் கோரையைத் தவிர எதுவும் படாது. அதே 0.2-ஐ உவரியில் வலை வேலை பார்க்கிறவருக்குக் கொடுத்தால், நைலான் கயிற்றோடு ஈயக்குண்டும் சிப்பியும் பட்டு அன்றைக்கே பல் விழுந்துவிடும். அவருக்கு 0.45 போதும்.

சரி, இப்போது நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

பெல்ட் கிரைண்டர் வாங்கிய புதிது. பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், தன் அப்பா வைத்திருந்த பேனாக்கத்தியைக் கொண்டுவந்தார். கொம்புப் பிடி, கார்பன் உருக்கு அலகு, கறுத்துப் போயிருந்தது. “பென்சில் சீவணும், அவ்வளவுதான்” என்றார். எனக்கோ புது மிஷின் மோகம். சரசரவென்று இரண்டு கன்னத்தையும் இறக்கினேன். முனைப்பக்கம் வரும்போது ஒரு நொடி அதிகமாக நின்றுவிட்டது. எடுத்துப் பார்த்தால் முனையில் ஒரு அரிசி அளவுக்கு மயில்கழுத்து நீலம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நைஸ் பெல்ட்டில் இரண்டு தடவை ஓட்டினேன், நீலம் போய்விட்டது. சுத்தமாகத் துடைத்துக் கொடுத்தனுப்பினேன்.

மூன்று மாதம் கழித்து வந்தார். கோபப்படவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. “தம்பி, நடுவுல நல்லா சீவுது. முனை மட்டும் ஈயம் மாதிரி மடங்குதே, ஏன்?” என்று கேட்டார்.

காரணம் இதுதான். உருக்கைப் பழுக்கக் காய்ச்சித் தோய்ச்சல் கொடுத்தவுடன் (சட்டென்று முக்கிக் குளிர வைத்தவுடன்) அது கண்ணாடி மாதிரி நொறுங்கும். அதன் பிறகு மிதமான சூட்டில் வைத்து அந்த முறுக்கைக் கொஞ்சம் இறக்குவார்கள். சாதாரணக் கார்பன் உருக்குப் பேனாக்கத்திக்கு அந்தச் சூடு பெரும்பாலும் 180-லிருந்து 230 டிகிரிக்குள். அதற்கப்புறம் என்றைக்காவது அந்த அளவைத் தாண்டிச் சூடேறினால், ஏறிய இடம் மட்டும் இன்னும் இளகிவிடும். ஆறிய பிறகும் பழைய கடினம் திரும்பாது, தண்ணீரில் முக்கினாலும் திரும்பாது. 200-ஐத் தாண்டினால் வைக்கோல் நிறம், 260 பக்கம் பழுப்பு, பிறகு ஊதா, 300 பக்கம் நீலம். நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடலாம், உள்ளே இளகியதை எடுக்க முடியாது. நான் செய்தது அதைத்தான், தடயத்தை அழித்தேன். கடைசியில் அந்த முனையை 4 மில்லிமீட்டர் வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வடிவம் கொடுத்தேன். அவர் அப்பா கத்தி அந்த அளவுக்குக் குட்டையாகிவிட்டது.

அருவாள் அடிக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். லாரி வில்பட்டையில் அடிக்கும் அருவாளை நீலம் வரும்வரை சூடாக்கி முறுக்கை இறக்குவது சரியான பக்குவம், அது அடி தாங்க வேண்டும், வளைய வேண்டும், உடையக் கூடாது. பென்சில் சீவுகிற கத்திக்கு அந்தப் பக்குவம் உதவாது. அருவாளுக்குச் சாணை பிடிக்கிற அதே கையும் அதே காய்ந்த எமரிச் சக்கரமும் பேனாக்கத்தியைப் பார்த்தால், பத்து நொடியில் கதை முடிந்துவிடும். அலகு மெலிய மெலிய, சூட்டை வாங்கிக்கொள்ள அங்கே உருக்கே இல்லை. அலகின் உடம்பு விரலுக்குச் சுடாமல் இருக்கும்போதே வாய் வெந்திருக்கும். இன்னொன்று, துருப்பிடிக்காத உருக்கில் இந்த நிறங்கள் பிந்தித்தான் தெரியும், ஆகவே நிறத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இப்போதெல்லாம் வெறுங்கையில்தான் அலகைப் பிடிக்கிறேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். ஒரு இழுப்பு, ஒரு முக்கு. முக்கி எடுத்த அலகில் தண்ணீர் துளித்துளியாக நிற்கும், பெல்ட்டில் வைத்து இழுக்கும்போது வாயோரத்துத் துளி இருக்கிறதா, காய்கிறதா என்பதில்தான் கண். காய்ந்தால் எடுத்துவிட வேண்டும். பழைய, மழுங்கிய பெல்ட்டால் அறுக்க முடியாது, உரசிச் சூடுதான் பண்ணும். காசு பார்த்து அதையே ஓட்டினால் கத்தி போகும். 0.5 வரை இப்படி இறக்கிவிட்டு, மிச்சத்தைக் கல்லில் கையால் முடிக்கிறேன். ஒரு சின்னக் கத்திக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். “அஞ்சு நிமிஷத்துல தாரேன்” என்று எவராவது சொன்னால் கத்தியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொடுக்கும் முன்னால் அவரிடம் பேச்சுக் கொடுங்கள். தண்ணீர் வைத்திருக்கிறாரா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். கத்தியைக் கழற்றிச் செய்வாரா, அப்படியே செய்வாரா என்று கேளுங்கள். மடக்குக் கத்தியில் சாணைத் தூள் அச்சுக்குள் போனால் மடக்கும்போதெல்லாம் நறநறவென்று அரைத்து, கொஞ்ச நாளில் அலகு ஆட ஆரம்பிக்கும். ஆணி அறைந்த பழைய கத்தியைக் கழற்ற முடியாது, அதற்கு அச்சில் துணியும் டேப்பும் சுற்றி, முடிந்ததும் கழுவி, ஊதி, ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீங்கள் எதை அறுக்கப் போகிறீர்கள் என்று அவர் உங்களைக் கேட்கிறாரா என்று பாருங்கள். கேட்காதவர் எல்லாக் கத்தியையும் ஒரே மாதிரிதான் தேய்ப்பார்.

நர்சரிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒட்டுக்கட்டும் கத்தி பலவற்றில் ஒரு பக்கம் மட்டும்தான் சாய்வு, மறுபக்கம் தட்டை. அந்தத் தட்டைதான் குச்சியில் நேரான வெட்டு விழச் செய்கிறது. போன வருடம் ஒரு தம்பி, இரண்டு பக்கமும் ‘அழகாக’ மெலித்த ஒட்டுக்கத்தியைக் கொண்டுவந்து காட்டினான். வெட்டு குழிந்து விழுகிறது, ஒட்டு சேரவில்லை என்றான். எப்படிச் சேரும்?

முனை விஷயமும் பலருக்குத் தெரியாது. முனை உடைந்த மடக்குக் கத்தியை வாய்ப்பக்கமிருந்து தேய்த்துக் கூராக்கினால், புது முனை முதுகை நோக்கி மேலே ஏறிவிடும். மடக்கிப் பார்த்தால் பிடிக்கு வெளியே ஒரு ஊசி நுனி தலைகாட்டும். சட்டைப்பையில் கைவிட்டு விரலைக் கிழித்துக்கொண்ட ஒருவரை எனக்குத் தெரியும். முதுகுப்பக்கமிருந்து தேய்த்து முனையைக் கீழே இறக்க வேண்டும். மெலித்த கத்தியை வாங்கும்போது முதல் வேலையாக மடக்கி, பிடியின் ஓரமாக ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள். நூல் மாட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

எல்லா உருக்கும் ஒரே மாதிரி மெலிவைத் தாங்காது. கடினத்தை அளக்கும் ராக்வெல் கணக்கில் 56 அளவில் இருக்கும் சாதாரணத் துருப்பிடிக்காத உருக்கு, அளவு மீறி மெலித்தால் வாய் மடங்கும். மடங்கினதைக் கல்லில் நிமிர்த்தலாம். 60-ஐத் தாண்டிய கடின உருக்கு மடங்காது, பல்பல்லாகப் பெயரும், அதற்கு மறுபடி தேய்ப்பதைத் தவிர வழியில்லை. பழம், காய், கயிறு, அட்டைப்பெட்டி என்று இருக்கிறவர்களுக்கு 0.3-லிருந்து 0.4 வரை என் கணக்கு. அதற்குக் கீழே கேட்டால், இனி எலும்பு, சிரட்டை, கம்பி எதிலும் வைக்க மாட்டேன் என்று வாயால் சொல்லச் சொல்வேன். சிரிப்பார்கள், ஆனால் ஞாபகம் இருக்கும். கம்பெனி உத்தரவாதம் இருந்தால் அது மெலித்த அன்றோடு போய்விடும் என்பதையும் சொல்லிவிடுவேன்.

வீட்டில் தாங்களே செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு: கல்லில் செய்யுங்கள். பொழுது போகும், விரல் போகாது. 4 அங்குல ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும்போது தட்டின் ஓரம் நொடிக்கு 57 மீட்டர் ஓடுகிறது. அதில் கத்தி வாய் மாட்டினால் நீங்கள் கையை எடுப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதைவிட எனக்குப் பயம் மெருகேற்றும் துணிச்சக்கரம்தான். பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று நினைப்போம், வாயைக் கவ்வி அப்படியே வயிற்றை நோக்கி எறியும். எப்போதும் வாய் சக்கரத்தை எதிர்கொள்ளாமல், சுற்றுகிற திசையிலேயே போகிற மாதிரிப் பிடிக்க வேண்டும். கண்ணாடி, மாஸ்க் இல்லாமல் நிற்கக் கூடாது. தோளில் துண்டும் வேண்டாம்.

சட்டமும் கேட்கிறார்கள். 2016 ஆயுத விதிகளின்படி 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள்தான் ஆயுதப் பட்டியலில் வருகின்றன, வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதில் சேராது. பேனாக்கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனாலும் தேரோட்டக் கூட்டத்துக்குள் அதைச் செருகிக்கொண்டு போய், சோதனையில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். 2021-இல் அருவாள், கத்தி செய்யும் பட்டறைகள் வாங்குகிறவர் பெயர், முகவரியை எழுதி வைக்க வேண்டும் என்று போலீஸ் சொன்னதிலிருந்து நானும் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். பெயருக்குப் பக்கத்தில் பின்கனத்தையும் எழுதிவிடுகிறேன், அடுத்த தடவை வரும்போது உதவுகிறது.

சேரன்மகாதேவிக்காரர் கத்தி 0.35-க்கு இறங்கியது. பட்டறையிலேயே ஒரு மாங்காயை எடுத்துக் கீறினார், கீற்று சத்தமில்லாமல் சரிந்தது. “ஏ, இது என்னவே!” என்றார். மெலித்த கத்தியை வாங்கிப் போகிறவர்களிடம் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்: முதல் வாரம் முழுக்க அதைத்தான் உபயோகியுங்கள், நகத்தின் மேல் வாயை லேசாக வைத்து இழுத்துப் பாருங்கள். எங்காவது பிசிறு மாதிரித் தட்டினால் கொண்டுவாருங்கள். கல்லில் நாலு இழுப்பு, அதற்குக் காசு கிடையாது.