நட்டு இறுகியும் ஸ்டீயரிங் ஆடுவது ஏன்?

பழைய மகிந்திரா ஜீப்பைத் தயார் செய்துகொண்டிருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "புதுப்பேட்டையில் பழைய ஸ்டீயரிங் ஒன்று கிடைத்தது. தண்டின் நுனியைச் சுற்றியுள்ள பல் சரியாக உட்காருகிறது, நட்டையும் முழுக்க இறுக்கிவிட்டேன். ஆனாலும் வளையத்தைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் 'டக் டக்' என்கிறது. பல் தேய்ந்திருக்குமா?"

முதலில் நட்டும் குடமும் (தண்டில் மாட்டும் ஸ்டீயரிங்கின் நடுப்பகுதி) சேரும் இடத்தில் விரல் நுனியை வைத்துக்கொண்டு இன்னொருவரை அசைக்கச் சொல்லுங்கள். நட்டும் சேர்ந்து ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ்ஷோ பேரிங்கோ போய்விட்டது. நட்டு அசையாமல் குடம் மட்டும் ஆடினால் கோளாறு கூம்பில்.

ஆம், கூம்பு. பல பழைய வண்டிகளில் ஸ்டீயரிங் தண்டின் நுனி மேல்நோக்கிச் சற்றே ஒடுங்கும். குடத்தின் துளையும் அதே சரிவில் இருக்கும். பல்தான் பிடித்துக்கொள்கிறது என்று நினைக்கிறோம். பெரும்பாரத்தைத் தாங்குவது இந்தச் சரிவு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 43 செ.மீ. வளையத்தை நின்ற வண்டியில் இரு கையாலும் தலா 15 கிலோ விசையில் திருப்பினால், திருக்கம் (டார்க், சுழற்றும் விசை) சுமார் 63 நியூட்டன் மீட்டர். 18 மி.மீ. தடிமனுள்ள தண்டின் பரப்பில் அது 700 கிலோ விசைக்குச் சமம். இப்போது நட்டின் பக்கம். 14 மி.மீ. மரையில் 40 நியூட்டன் மீட்டர் இறுக்கினால் குடம் ஏறத்தாழ 1.4 டன் விசையில் கீழே அழுத்தப்படும். கூம்பின் ஒரு பக்கச் சரிவு 4 டிகிரி, உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொண்டால், ஆப்பு இறங்கி மரத்தைப் பிளப்பதுபோல அந்த 1.4 டன் பக்கவாட்டில் ஆறு டன்னுக்கும் மேலாகப் பெருகும். அதன் உராய்வு மட்டுமே 85 நியூட்டன் மீட்டரைத் தாங்கும். அதாவது, பல்லே இல்லாவிட்டாலும் நம் கைவலுவுக்கு அது சுழலாது! பல் இருப்பது காப்புக்கும் நேர்திசை குறிக்கவும்தான். கூம்பில் கிரீஸ் தடவக் கூடாது என்பதும் இதனால்தான். உராய்வு பாதியானால் பிடிப்பு சுமார் 64 நியூட்டன் மீட்டராகக் குறைந்து, கைவலுவுக்கு மேல் இருந்த உபரி கரைந்துவிடும்.

சரிவு 8 டிகிரிக்குள் இருந்தால் நட்டைக் கழற்றினாலும் கூம்பு தானாக விடாது. அதற்குத்தான் புல்லர், அதாவது குடத்தைப் பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி. நட்டை முழுக்கக் கழற்றாமல் இரண்டு மரை அளவுக்கு விட்டுவைத்து இழுங்கள். இல்லாவிட்டால் திடீரென விடுபட்டு முகத்தில் அடிக்கும். தண்டின் தலையில் சுத்தியல் போட்டால் அடியில் ஸ்டீயரிங் பெட்டியின் பேரிங்கில் பள்ளம் விழும்.

வாசகரின் 'டக் டக்'குக்கு வருவோம். அந்த ஸ்டீயரிங் முன்பு எந்த வண்டியிலோ தளர்வாக ஓடியிருக்கலாம். துளையின் விட்டம் 0.1 மி.மீ. தேய்ந்தால் போதும், 4 டிகிரிச் சரிவில் குடம் 0.7 மி.மீ. கீழே இறங்கிவிடும். தலைமுடிப் பருமன் தேய்மானம் கண்ணுக்குத் தெரியும் இறக்கமாகிறது. அப்போது நட்டு, குடத்தை அழுத்தும் முன்பே மரை முடியும் இடத்தில் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு அது இறுக்கமாகத்தான் தெரியும். குடமோ சும்மா உட்கார்ந்திருக்கும்.

கழற்றிச் சுத்தமாகத் துடைத்து, தண்டின் கூம்பில் மார்க்கரால் நீளவாக்கில் நான்கு கோடு போடுங்கள். குடத்தைக் கையால் அழுத்தி வைத்துக் கழற்றிப் பாருங்கள். கோடு முழு நீளத்துக்கும் மங்கியிருந்தால் கூம்பு நல்லது. நட்டுக்கு அடியில், தண்டின் மரையில்லாத பகுதி நுழையும் துளையுள்ள 2 மி.மீ. எஃகு வாஷர் ஒன்று போதும், நட்டு முழு மரையும் பிடிக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கோடு மேலோ கீழோ ஒரு வளையம்போல மட்டும் அழிந்திருந்தால் சரிவே வேறு. மகிந்திரா 1940-களின் கடைசியில் வில்லிஸ் ஜீப்புகளைக் கோக்கத் தொடங்கியதிலிருந்து பல மாதிரிகள் வந்துவிட்டன. வெளித்தோற்றம் ஒன்று என்பதால் நுனியும் ஒன்று என்று நம்ப முடியாது. குளிர்பானக் கேனை வெட்டித் தகடு சுற்றுவது, குடத்துக்குள் வெல்டிங் வைப்பது இரண்டும் வேண்டாம். தகடு நசுங்கித் தளரும், வெல்டிங் சூட்டில் வார்ப்பு வெடிக்கும். உங்கள் வண்டியின் பழைய குடத்தை வெட்டியெடுத்து, லேத்தில் கடைந்து, புது வளையத்தோடு ஆறு போல்ட்டில் இணைப்பதே முறை. புது வண்டிக்கு எலுமிச்சம்பழம் நசுக்க ஒரு நாள் காத்திருக்கிறோம். இந்த நான்கு கோட்டுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்க மனம் வருவதில்லை.

பூட்டும்போது இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, பாதியில் நிறுத்தி மாட்டுங்கள். 36 பல் இருந்தால் ஒரு பல்லுக்கு 10 டிகிரி. அதற்குக் குறைவான கோணலை, சக்கரங்களைத் திருப்பும் கம்பியான டை ராடில்தான் சரிசெய்ய வேண்டும்.

வளையத்தின் வெடிப்புகள் தனிக் கதை. உள்ளே எஃகு, மேலே பிளாஸ்டிக். வெயிலில் பிளாஸ்டிக் பல மடங்கு அதிகம் விரியும், ஆறும்போது அதே அளவு சுருங்கப் பார்க்கும், எஃகு விடாது. வெடிப்பை எஃகு தெரியும்வரை அரத்தால் 'வி' வடிவில் திறந்து எப்பாக்ஸி நிரப்புங்கள். மேலே பூசினால் ஒரு கோடையில் மறுபடி பிளக்கும்.

100 கிலோமீட்டர் ஓட்டியபின் நட்டை மீண்டும் இறுக்குங்கள். லேசாகத் திரும்பினால் கூம்பு படிகிறது. அடுத்த 100 கிலோமீட்டரிலும் திரும்பினால் கழற்றுங்கள், கோடு போட்டு முதலிலிருந்து பாருங்கள்.