கார்பன் கிரெடிட் என்பது கடன் அல்ல, வரவு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிளேர் எஸ்டேட் பக்கம் குடியிருந்தவர்களுக்கு பிசாசர் ரோடு குப்பைமேட்டைத் தெரியும். நிறவெறி ஆட்சிக் காலத்தில், 1980இல், இந்தியக் குடும்பங்களின் வீடுகளை ஒட்டித் திறந்த மேடு. 'கார்பன் கிரெடிட்' என்ற சொல்லை விளங்கிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. அதிலிருந்து வந்தது கார்பன், தமிழில் கரிமம். 'கிரெடிட்' நம்புதல் என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. நம்பிக் கொடுத்ததால் கடன் என்ற பொருளும், கணக்கேட்டில் வரவு என்ற பொருளும் அதற்கு உண்டு. சிலர் 'கார்பன் கடன்' என்று எழுதுகிறார்கள். அது தவறு, இங்கே யாரும் எதையும் திருப்பித் தர வேண்டியதில்லை. ஒரு டன் கரியமில வாயுவோ அதற்கு ஈடான வேறு வாயுவோ காற்றில் கலக்காமல் தடுத்தவர் பெயரில் ஒன்று வரவு வைக்கப்படும், அதை அவர் விற்கலாம். ஆகவே 'கரிம வரவு' என்பதே சரி. ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் தொடங்கிய சந்தையில் கைமாறுவது வேறு: அரசு உச்சவரம்பு வைத்து வழங்கும் 'உமிழ்வு அனுமதி'.

உமிழ்வை எங்கே குறைத்தாலும் வளிமண்டலத்துக்கு ஒன்றுதான், ஆகவே செலவு குறைந்த இடத்தில் குறைக்கலாம் என்பது பொருளியல் வாதம். உமிழ்வைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட 1997 கியோட்டோ ஒப்பந்தம் இதற்கு வழி திறந்தது. பிசாசர் ரோட்டில் குப்பைக்குள் குழாய் இறக்கி, அழுகலில் கிளம்பும் மீத்தேனை உறிஞ்சி மின்சாரம் எடுத்தார்கள். மீத்தேன் கரியமில வாயுவைவிட 20 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது; ஒரு டன்னைப் பிடித்தாலே பல வரவு சேரும்.

மேட்டை மூடச் சொல்லிப் போராடியவர் அதன் அருகே வாழ்ந்த சஜிதா கான். வரவை விற்ற பணம் வந்தால் மேட்டை மூடவே மாட்டார்கள் என்பது அவர் அச்சம். 2007இல் புற்றுநோயால் இறந்தார். அவர் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். விலை பேசும்போது டன் மட்டும்தான் கணக்கு. பக்கத்தில் குடியிருப்பவர் சுவாசிக்கும் காற்று அதில் வராது. அப்புறம் இன்னொன்று: திட்டம் இல்லாவிட்டால் எவ்வளவு வாயு வெளியேறியிருக்கும் என்ற மதிப்பீட்டை வைத்துத்தான் வரவு எழுதுகிறார்கள். அந்த மதிப்பீட்டை நம்பித்தான் ஆக வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் கரிம வரி 2019 ஜூன் 1 அன்று, உமிழும் ஒவ்வொரு டன்னுக்கும் 120 ரேண்ட் என்று தொடங்கியது. தொடக்க விதிப்படி, வரி கட்டும் நிறுவனங்கள், துறையைப் பொறுத்து, தம் உமிழ்வில் 5 அல்லது 10 சதவீதம் வரை வரவு வாங்கிக் கழித்துக்கொள்ள முடிந்தது. அந்த வரவு உள்நாட்டுத் திட்டத்தில் கிடைத்ததாக இருக்க வேண்டும். இப்படிக் கழிப்பதைத்தான் 'ஆஃப்செட்' என்கிறார்கள். தமிழில் 'ஈடு' என்றாலே போதும்.